எத்திராஜின் புல் வண்டி ஏன் நின்றது

காலை ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பிய புல்வெட்டும் வண்டி பத்தேகாலுக்கு நின்றது. முதலில் சளி பிடித்தவன் இருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒரு குலுக்கல். பிறகு ஒன்றுமில்லை. ஓசூர் சாலையில், பொம்மசந்திராவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வளாகம் அது. நாலா பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் எட்டு ஏக்கர் புல். அந்தப் புல்லின் நட்டநடுவில், இருக்கையில் உட்கார்ந்தபடி, எத்திராஜ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பேட்டரி இறங்கிவிடுமோ என்று கையை எடுத்துவிட்டார்.

2001 நவம்பர் முதல் வாரம். நான்காவது நாளாக இப்படி. கிளம்பினால் இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடும். நிற்கும். அரை மணி நேரம் சும்மா விட்டால், யாரும் ஒன்றும் செய்யாமலே மறுபடி கிளம்பும். மறுபடி நிற்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு நின்ற இரண்டு பேர் கைகாட்டிச் சிரித்தது அவருக்குத் தெரிந்தது. சிரிக்கட்டும். அவர் கவலையெல்லாம் வண்டி. இப்படி நிற்பதன் பழி அன்று சாயங்காலத்துக்குள் மர்பி டவுனில், அவர் வீட்டில், பழைய புடவைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையின் தலையில் விழப்போகிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தை.

எத்திராஜுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அப்பா கண்டோன்மென்ட் பங்களாக்களில் குனிந்து புல் அரிந்தவர். அம்மா அதே பங்களாக்களில் குனிந்து தரை துடைத்தவர். எத்திராஜ் பதினான்கு வருடம் ஒரு கிளப்பில் புல்வெட்டும் உருளை மெஷினை நெஞ்சு கொடுத்துத் தள்ளினார். அந்த வேலை போனபின், ஓர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இந்த வளாகத்துக்கு வந்தார். 2000-இல் வெளிநாட்டிலிருந்து இந்த வண்டி வந்து இறங்கியது. ஏறி உட்கார்ந்து கார் மாதிரி ஓட்டலாம். அடியில் கத்தி சுழன்று புல்லை வெட்டிக்கொண்டே வரும். விற்ற ஏஜென்சியின் ஆள் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். இருபத்தாறு தோட்ட ஆட்களில் பிடித்துக்கொண்டவர் எத்திராஜ் ஒருவர்தான். சம்பளம் கூடவில்லை. ஆனால் அவர்கள் வம்சத்தில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்த முதல் ஆள் அவர். இது அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் காலை முதல் மாலை வரை குனிந்து பார்க்கலாம்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவர் மனைவி கோமளத்துக்கு மூன்று தடவை கரு தங்கி மூன்று தடவையும் கலைந்துபோனது. நான்காவது இந்தப் பெண். ஆயுதபூசைக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை நாலேமுக்காலுக்குப் பிறந்தாள். தாரணி என்று பெயர் வைப்பதென்று எத்திராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடிவு செய்துவிட்டார். பூமி என்று அர்த்தமாம். மண்ணில் வேலை செய்கிறவன் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? ஒப்பந்த ஆளுக்கு இதற்கெல்லாம் லீவு கிடையாது. மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார்.

வளாகத்தின் நிர்வாக மேலாளர் கஸ்தூரிரங்கன் கெட்டவர் அல்ல. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் கெட்டவர்கள் செய்கிற கேடு சொற்பம். மெக்கானிக்கல் எஞ்சினியர். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவி வகித்தவர். எத்திராஜுக்குப் பெண் பிறந்த செய்தி கேட்டு அறைக்குக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் மைசூர்பாகு கொடுத்தார்.

"பிறந்த டயத்தைக் கரெக்டா சொல்லுப்பா. ஜாதகம் போட்டுத் தரேன். வெளியில போனா தண்டம் அழணும்."

"நாலேமுக்கால் சார். நர்ஸம்மா எழுதிக்கினாங்க."

உலகத்தின் எந்தெந்த வங்கிகளுக்கோ வேலை செய்துகொடுக்கிற இடத்தில் ஒரு கணினி இரண்டு நிமிடம் நேரம் ஒதுக்கிக் கிரகங்களை வரிசைப்படுத்தியது. தாள் வெளியே வந்தது. கஸ்தூரிரங்கன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் லேசாக மாறியது.

"மூலம். முதல் பாதம்."

"நல்லதா சார்?"

"முதல் பாதம் தகப்பனுக்கு ஆகாதும்பா. நீ ஒண்ணும் பயந்துக்காதே. ஒரு சாந்தி பண்ணிட்டாப் போறது."

நவராத்திரியில் மூல நட்சத்திரம் வருகிற நாளில்தான் இதே மனிதர்கள் புத்தகங்களை அடுக்கிச் சரஸ்வதியை வீட்டுக்குள் அழைக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் கற்பனையில் ஒரு பெண் வந்தால் கல்வி. ஓர் ஏழையின் வீட்டில் நிஜமாகவே ஒரு பெண் வந்தால் நாசம். எத்திராஜுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இனிப்புக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஆயுதபூசையன்று வண்டியைக் கழுவிச் செவ்வந்தி மாலை போட்டார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கஸ்தூரிரங்கன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தன் கையாலேயே சந்தனம் குழைத்தார். "பெட்ரோல் விடற எடம்தான்யா இதுக்கு வாய்" என்று சொல்லித் தொட்டியின் மூடிமேல் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில் புதிதாக வைக்கச் சொல்லி ஸ்டோருக்கு உத்தரவும் போட்டார்.

அந்த மூடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் முன்பு பெட்ரோல் அதிகம் செலவாகிறது என்று யாரோ சொன்னார்கள். உடனே மூடிக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும் அதில் ஒரு சின்னப் பூட்டும் வந்தன. சாவி ஸ்டோரில். காலையில் காவலாளி பார்த்துக்கொண்டிருக்க ஸ்டோர் ஆள் திறப்பார், ஊற்றுவார், பூட்டுவார். வண்டியை ஓட்டுகிறவர் மூடியைத் தொடக்கூடாது. தோட்ட ஆட்கள் பெட்ரோல் திருடுவார்கள் என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. யாருக்கும் அதில் சந்தேகமும் இல்லை.

விடுமுறை முடிந்து முதல் நாள் வண்டி நின்றது. இரண்டாம் நாள் நின்றது. மூன்றாம் நாள் ஏஜென்சி ஆள் வந்தார். ஸ்டோரில் சாவியைக் கேட்டார்; வெளியாள் என்பதால் உடனே கிடைத்தது. முதல் காரியமாக மூடியைத் திறந்து உள்ளே பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மூடினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார். ஏறி உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் ஓட்டினார். சொகுசாக ஓடியது.

"இன்னா எத்திராஜ், நல்லாத்தானே ஓடுது?"

"இருபது நிமிசம் இருந்து பாருங்க சார். அப்ப தெரியும்."

"எனக்கு இன்னும் மூணு எடம் பாக்கி கீது குரு" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள்தான் இந்தக் கதையின் தொடக்கத்தில் பார்த்தது. அன்று மதியம் அவர் மறுபடி வந்தார். மறுபடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் குழாயில் இருக்கிற வடிகட்டியையும் மாற்றினார். அவரும் ஓட்டினார். மாதேஷ் என்ற இன்னொரு தோட்ட ஆளையும் ஏற்றிவைத்து ஓட்டச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஓடியது. அவர் போன பிறகு எத்திராஜ் ஏறினார். நின்றது.

கஸ்தூரிரங்கன் இதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு அனுப்பினார்.

"எல்லாருக்கும் ஓடறது. உனக்கு மட்டும் நிக்கறது. ஏன்?"

"தெரில சார். ஆனா அவங்க கொஞ்ச நேரந்தான்..."

"என்னிலேர்ந்து நிக்கறது?"

"பூசைக்கு அப்புறம் சார்."

"பொண்ணு என்னிக்குப் பொறந்தா?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் எத்திராஜுக்குப் புரிந்தது.

"நான் உன்னைக் குத்தம் சொல்லலப்பா. தகப்பனுக்கு ஆகாதுன்னா என்ன அர்த்தம்? அவன் தொழில்ல கை வைக்கும். நீ கொஞ்ச நாள் அதுல ஏறாதே. மாதேஷ் ஓட்டட்டும். நீ ஓரம் வெட்டு. உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

ஓரம் வெட்டுவதென்றால் வண்டி போக முடியாத நடைபாதை விளிம்புகளில் குந்தி உட்கார்ந்து கத்தரியால் வெட்டுவது. எத்திராஜ் கத்தரியை எடுத்துக்கொண்டார்.

செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. தோட்ட ஆட்களில் நான்கு பேர் மர்பி டவுன்காரர்கள். சாயங்காலம் அவர் நுழையும்போதே அக்கா சம்பூரணம் வாசலில் நின்றிருந்தார். பிரசவத்துக்கு உதவியாக வந்திருந்தவர்.

"எத்தி, அந்த ஐயரு குடுத்த பேப்பர எடுறா."

"ஐயரு இல்லக்கா, ஐயங்காரு. ஆபீசரு. அதுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதத ஏண்டா பத்து நாளா சோப்புல வச்சினு சுத்துற?" சம்பூரணத்துக்குச் சட்டைப்பை எப்போதும் 'சோப்பு'தான். "மூலமாமே. முத பாதமாமே. மெஷினு நிக்குதாம், சீட்டு போச்சாம். நாளிக்கு நீ நின்னுட்டின்னா?"

உள்ளே கோமளம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "நெஜமாவே புள்ள பொறந்ததுல இருந்துதான் நிக்குதா?"

"பூசைக்கு அப்புறம்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வந்தால், முன்னது பின்னதைப் பெற்றுப்போட்டது என்று ஆகாது. இந்த ஒரு வரியைப் பள்ளிக்கூடங்களில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதி சாமியார்கள் வேலை தேடிப் போயிருப்பார்கள். ஆனால் மூன்று கருவை இழந்தவளிடம் போய் அதைச் சொல்வது எப்படி? கோமளம் குழந்தையை வெறுக்கவில்லை. இரண்டு பேரில் ஒருவரை இழந்துவிடுவோமோ என்று பயந்தாள். அவள் பயத்துக்குச் சம்பூரணம் மருந்து வைத்திருந்தார்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தவிட்டுக்கு விற்பது. ராசியில்லாத பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிட வேண்டும். இனி அது அவள் பிள்ளை. அவள் அதை வளர்க்கச் சொல்லித் திருப்பித் தருவாள். பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் உறவு அறுந்துவிட்டதால் தோஷமும் அறுந்துவிடுமாம். அந்தப் பிள்ளைக்குப் பெயர் தவிட்டம்மா. சாகிறவரைக்கும்.

"எம் பொண்ணு பேரு தாரணி" என்றார் எத்திராஜ்.

"பேரா முக்கியம்? நீ இருக்கணும்" என்றாள் கோமளம்.

"மெஷினு ஏன் நிக்குதுன்னு நான் கண்டுபுடிச்சிட்டா?"

கோமளம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கண்டுபுடிச்சு காட்டிட்டா, அக்காகிட்ட நானே சொல்லி நிறுத்திடறேன்."

மறுநாள் அவருக்கு வார விடுமுறை. விவேக் நகருக்குப் போனார். குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்புறச் சந்தில் ஆம்ப்ரோஸ் ஜெனரேட்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். கிளப்பில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நிக்கறதுக்கு முன்னாடி இருமுதா, டப்புனு அணையுதா?"

"இருமுது."

"அப்ப பிளக்கு இல்ல மாமு. பிளக்கு போனா டப்புனு போவும். தொண்ட காஞ்சாத்தான் இருமும். பெட்ரோல் வரல."

"பைப்பு ஊதியாச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு."

"அர மணி கழிச்சு தானா கெளம்புது. அதான?"

"அதான்."

"அந்த ஏஜென்சிக்காரன் வந்தா மொதல்ல இன்னா பண்ணுவான்? நெதானமா யோசிச்சு சொல்லு."

எத்திராஜ் யோசித்தார். "சாவி வாங்கினு வந்து மூடியத் தொறப்பான். பெட்ரோல் கீதான்னு பாப்பான்."

"நீ தொறந்து பாத்துக்கிறியா?"

"நான் தொடக்கூடாது."

ஆம்ப்ரோஸ் இப்போது தலையைத் தூக்கினார். மூலையில் கிடந்த சீல் உடைக்காத எண்ணெய் டின் ஒன்றை இழுத்து, ஓரத்தில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை போட்டுச் சாய்த்தார். எண்ணெய் கொஞ்சம் வந்தது. திணறியது. நின்றது.

"எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடு, காத்து போவட்டும்" என்று எத்திராஜே சொன்னார். ரேஷன் பாமாயில் டின்னை உடைத்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. சொன்னவர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"ஆங்! அதான். மூடியில குண்டூசி போற மாரி ஒரு ஓட்ட வச்சிருப்பான். பெட்ரோல் எறங்க எறங்க அது வழியா காத்து உள்ள போவணும். போவலன்னா டாங்கி உள்ளாறயே இழுத்துப் புடிச்சிக்கும். அர மணி சும்மா வுட்டா எங்கியாவது கசிஞ்சு காத்து பூந்துக்கும், கெளம்பும். அவன் வந்து தொறக்கறான், காத்து பூந்துக்குது, ஓடுது. ஓட்டைல இன்னாவோ அடச்சிருக்கு."

"சந்தனம்" என்றார் எத்திராஜ்.

"இன்னாது?"

எத்திராஜ் சொன்னார். ஆம்ப்ரோஸ் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சிரிக்கக்கூடாது. எங்காளு ஒருத்தன் ஜெனரேட்டருக்குச் சுகமில்லன்னு அதும்மேலயே மெழுகுத்திரி ஏத்தி வச்சு டீசல் ட்யூபை உருக்கிட்டான். நாந்தான் மாத்திக் குடுத்தேன்."

எத்திராஜ் வீட்டுக்கு ஓடினார் என்றே சொல்லலாம். "புள்ள இல்ல கோமளா! சந்தனம்!"

கோமளம் முழுவதும் கேட்டாள். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "தொறந்து பாத்தியா?"

"இல்ல."

"பாத்துட்டு வந்து சொல்லு. நான் நம்பறேன். அக்கா நம்பணுமே."

திங்கட்கிழமை எத்திராஜ் ஸ்டோரில் சாவி கேட்டார். ஓரம் வெட்டுகிற ஆளுக்குப் பெட்ரோல் மூடிச் சாவி எதற்கு என்று ஸ்டோர் ஆள் கேட்டார். காரணத்தைச் சொன்னார். "யப்பா, சார் கையால வச்ச சந்தனம். நான் சொரண்ட மாட்டேன்." செவ்வாயன்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் சொன்னார். "உனக்கெதுக்கு இந்த வேலை? வெட்டுறத வெட்டு" என்றார். கஸ்தூரிரங்கனின் அறை வாசலில் இரண்டு நாள் நின்றார்; அவர் கூட்டத்தில் இருந்தார்.

இதற்கிடையில் மாதேஷுக்கும் வண்டி நின்றது. ஓரத்தில் குந்தியிருந்த எத்திராஜ் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் நாளும் மாதேஷுக்கு நின்றது, மூன்றாம் நாளும். இனி என்ன சாட்சி வேண்டும்? மாதேஷுக்குப் பெண் பிறக்கவில்லை, கல்யாணமே ஆகவில்லை. ஆனால் நம்பிக்கை என்பது எந்தச் சாட்சியையும் தின்று செரிக்கிற வயிறு. தோஷம் மெஷினிலேயே இறங்கிவிட்டது என்று கஸ்தூரிரங்கன் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஹோமம் என்று அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை காலையும் வண்டி நடுப்புல்லில் நின்றது. நான்கு பேராகத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார்கள். செங்கல் அடுக்கப்போனார்கள், ஹோமத்துக்குச் சமித்துக் குச்சி எடுக்கப்போனார்கள். கொட்டகையைப் பெருக்க எத்திராஜை விட்டுவிட்டுப் போனார்கள்.

மூடியைக் கிட்டத்தில் பார்த்தார். இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில், பழைய சந்தனமும் அதற்கு மேல் போன வெள்ளியும் அன்று காலையும் வைத்ததும் காய்ந்து காரைபோல இறுகியிருந்தன. பட்டையைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஒரு குண்டூசி போதும். உள்ளே வேலை பார்க்கிற பெரிய படிப்புக்காரர்களின் அடையாள அட்டை நாடாவில் தொங்கும். ஒப்பந்த ஆட்களுக்குத் தருகிற காகிதப் பாஸைச் சட்டையில் ஊக்கால் குத்திக்கொள்ள வேண்டும். எத்திராஜ் பாஸைக் கழற்றிக் கீழே வைத்தார். ஊக்கை நிமிர்த்தி, சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையைத் தேடிக் குத்தினார்.

ஸ்ஸ்ஸ் என்று உள்ளே காற்று போனது. தொட்டி ஒருமுறை 'டொக்' என்று சத்தம் போட்டது. அவ்வளவுதான். ஒரு வாரப் பழி அவ்வளவுதான்.

"ஏய், ஏனு மாடுத்தித்தியா அல்லி?" அங்கே என்ன செய்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டபடி காவலாளி வாசலில் நின்றிருந்தார்.

"பெருக்கறேண்ணா" என்று சொல்லி எத்திராஜ் துடைப்பத்தை எடுத்தார்.

அந்தக் கணமே ஓடிப்போய்க் கஸ்தூரிரங்கனிடம் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. வண்டி முதலில் ஓடட்டும், ஓடுவதைக் காட்டிப் பேசினால்தான் தன் பேச்சு ஏறும் என்று நினைத்தார். வெறும் வாய்ச்சொல்லை யாரும் மதித்து அறியாதவர் வேறு எப்படி நினைப்பார்?

ஹோமம் நடந்தது. புகை வந்தது. மாதேஷ் ஏறினான். வண்டி பன்னிரண்டுக்குக் கிளம்பி ஒரு மணி வரை நிற்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் மூன்றரை வரை நிற்கவில்லை. தோட்ட ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஹோமம் செய்த சாஸ்திரிகள் இரண்டாவது டம்ளர் பால் குடித்துவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு எத்திராஜ் கஸ்தூரிரங்கன் முன்னால் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் டின்னைச் சொன்னார். இருமலைச் சொன்னார். ஏஜென்சி ஆள் மூடியைத் திறப்பதைச் சொன்னார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஓர் அதிகாரியிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

கஸ்தூரிரங்கன் எஞ்சினியர். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிடம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேக்யூம் லாக்" என்றார் அவர் மெதுவாக. "சரி. ஓட்டை அடைச்சிண்டது, நின்னது. ஒத்துக்கறேன். ஆனா அந்த ஓட்டை ஏன் அந்த வாரம் பார்த்து அடைச்சுக்கணும்?"

"நீங்க சந்தனம் வச்சீங்க சார்."

"நான் வருஷா வருஷம்தான் எல்லா மெஷினுக்கும் வைக்கறேன்."

"இந்த வண்டிக்கு மூடிமேல இப்பத்தான் சார் மொத தடவ."

"அதான் கேக்கறேன். ஏன் இப்போ எனக்கு மூடிமேல வைக்கத் தோணித்து? என் கையைப் பிடிச்சு யார் வைக்க வச்சா? அடைச்சது சந்தனம்தான் எத்திராஜ். அடைக்க வச்சது நேரம்."

படித்த மனிதரின் பதில் அது. இதைவிடப் பாமரத்தனமான பதிலைக் கோயில் வாசல் கிளி ஜோசியக்காரன்கூடச் சொல்ல மாட்டான். எத்திராஜுக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டைக்குள் காற்று போகிறதா இல்லையா என்பதுதான். காலத்துக்கும் கைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அவரைக் கேட்டால்?

"சார், வேணும்னா மறுபடி அடச்சுக் காட்டட்டுமா? இருபது நிமிசத்துல நிக்கும். தொறந்தா ஓடும். நீங்களே பாருங்க."

அவர் கேட்டதுதான் பரிசோதனை. விஞ்ஞானம் என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது அன்று நாலேகால் மணிக்கு அந்த அறையில், செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்த மனிதரின் வாயில் இருந்தது.

"அடைச்சுக் காட்டறதா?" கஸ்தூரிரங்கன் நிமிர்ந்தார். "இப்போ மூடியை எப்படித் தொட்டே? பூட்டு இருக்கே."

"பட்டைக்கு ஓரமா சார். ஊக்கால..."

"யாரைக் கேட்டுண்டு?"

மேசைமேல் காவலாளி எழுதிக்கொடுத்த சீட்டு ஏற்கெனவே இருந்தது. பாஸைக் கழற்றிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில், பூட்டிய பெட்ரோல் மூடியில் எதையோ விட்டுக் குடைந்துகொண்டிருந்தார் என்று அதில் இருந்தது.

"நான் நம்பறேன்பா, நீ திருடலை" என்றார் கஸ்தூரிரங்கன். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். "ஆனா செக்யூரிட்டி எழுதிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. போலீஸ் கீலீஸ்னு போகாம நான் பார்த்துக்கறேன். உங்க கான்ட்ராக்டர்ட்ட சொல்லி வேற எடம் போடச் சொல்றேன். பொண்ணு பொறந்த நேரம், கொஞ்ச நாள் ஒதுங்கியே இரு."

அதே மாலை பாஸை வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை முதல் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம், முள் வெட்டுகிற வேலை. அங்கே வண்டி கிடையாது. அரிவாள்தான்.

வீட்டில் கோமளம் வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னாச்சு? பாத்தியா?"

"பாத்தேன். சந்தனந்தான். குத்திவுட்டேன். நாள் பூரா ஓடுச்சு."

"அவங்க ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கினாரு."

"அப்ப திங்கக்கெழம சீட்டுல ஏறிடுவ."

எத்திராஜ் உட்கார்ந்தார். பாஸ் போனதைச் சொன்னார். கோமளம் கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்தாள்.

"காரணம் தெரிஞ்சிடுச்சுன்னா, அப்புறம் ஏன் உன்ன அனுப்பிச்சாங்க?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் உண்டு. ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவன் எந்தச் சட்டை போட்டிருக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஊரில் அது கண்டுபிடிப்பா குற்றமா என்பது தீர்மானமாகும். ஆனால் பிறந்த குழந்தையை மடியில் வைத்திருக்கிற பெண்ணுக்கு அந்தப் பதிலைவிட மூல நட்சத்திரம் சுலபமாகப் புரிகிறது. சம்பூரணம் அதட்டக்கூட இல்லை.

"தகப்பனுக்கு ஆகாதுன்னு எழுதியே குடுத்தாங்கடா. மொதல்ல சீட்டு போச்சு. இப்ப எடமும் போச்சு. இன்னும் இன்னா போவணும்?"

"அக்கா, நான் குத்தினதாலதான் போச்சு. புள்ளயால இல்ல."

"உன்ன யாரு குத்தச் சொன்னது? புள்ளைக்காகத்தான குத்தின?"

எத்திராஜ் கோமளத்தைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவள் அவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த வீட்டு லூர்து அம்மாள் முறத்தில் தவிடு கொண்டுவந்தார். தவிட்டுக்கு வாங்குவதில் மதம் பார்ப்பதில்லை. ஐந்து பிள்ளை பெற்று ஐந்தும் நிலைத்த கை என்பதால் அவர். சந்தில் பத்து பேர் கூடினார்கள். சம்பூரணம் குழந்தையை முறத்தில் கிடத்தி நீட்டினார். தவிடு பட்டதும் குழந்தை கால்களை உதைத்துத் தும்மியது. எல்லாரும் சிரித்தார்கள்.

விற்கிறவன் வாயால் சொல்ல வேண்டும் என்பது முறை.

"இது யாரு புள்ள?" என்று லூர்து அம்மாள் கேட்டார்.

எத்திராஜ் வாயைத் திறந்தார். ஓட்டையையும் காற்றையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்: "அதுல ஒரு சின்ன ஓட்ட கீதும்மா, அது..." சந்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கோமளம் அவர் முழங்கையைப் பிடித்தாள். பதினோரு வருடத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி வாசலில் அவர் பிடித்திருந்த அதே கை.

"சொல்லு எத்தி" என்றார் சம்பூரணம்.

"இது யாரு புள்ளப்பா?" லூர்து அம்மாள் இரண்டாம் தடவையும் கேட்டார்.

"உன் புள்ளதாம்மா" என்றார் எத்திராஜ்.